சானமாவுக் காட்டோரம் ஒரு பெரணித் தோட்டம்

சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு முதல் பஸ் காலை ஆறு மணிக்குக் கிளம்பும். 1955ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு நாள் அதில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். மடியில் கேமராப் பெட்டி. காலடியில் அதன் முக்காலியும், ஒரு சாக்குப் பையில் இரண்டு காலித் தகர டப்பாக்களும். டப்பா எதற்கு என்று கண்டக்டர் கேட்டார். ஓசூர்ப் பக்கம் போய்ச் செடி வாங்கி வரப்போகிறேன் என்றேன். சேலத்தில் கிடைக்காத செடியா என்றார். கிடைக்கிறது, ஆனால் பிழைப்பதில்லை என்றேன்.

அப்போது எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் வருவார்கள். பின்னால் மாளிகையும் தடாகமும் எழுதிய திரை. மாப்பிள்ளை நாற்காலியில், பெண் பக்கத்தில் நின்றபடி. இரண்டு பக்கமும் உயரமான மரத் தாங்கிகளில் பச்சைச் செடி. இதெல்லாம் இருந்தால்தான் படம் எடுத்தது போல இருக்கும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அந்தச் செடிகளில் எனக்குப் பிடித்தது பெரணி. புத்தகத்தில்தான் அது பெரணி; சேலத்துத் தொட்டிச் செடிக் கடையில் 'பெர்ன்' என்பார்கள். பூக்காது, காய்க்காது. ஆனால் அதன் இலை படத்தில் விழுவது போல வேறெந்த இலையும் விழாது. நுனிவரை ஒவ்வொரு பல்லும் தெரியும். ஏர்க்காட்டிலிருந்து வாங்கி வந்து வைப்பேன். மாசி வரை இருக்கும். பங்குனி வெயிலில் ஓரம் கருகும். சித்திரையில் தொட்டியில் சுள்ளிதான் மிஞ்சும். கடைசியில் காகிதத்தில் செய்த பெரணியை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஓசூர்க்காரர் ஒருவர் மனைவியோடு படம் எடுக்க வந்தார். காகிதப் பெரணியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில், சானமாவுக் காட்டை ஒட்டி, லட்சுமம்மா என்று ஓர் அம்மாள் இதைக் கீரைப் பாத்தி மாதிரி வளர்க்கிறார், பெங்களூரிலிருந்து பூச்செண்டு கட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை வந்து இலை அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார். ஏர்க்காடு மாதிரி மலை உச்சியா என்று கேட்டேன். இல்லை, ராகி விளைகிற சாதாரண நிலம்தான் என்றார். சாதாரண நிலத்தில் அது எப்படி வரும் என்ற கேள்வி என்னை விடவில்லை. எப்படியும் காகிதமும் பிலிமும் வாங்கப் பெங்களூர் போக வேண்டியிருந்தது. வழியில் இறங்கிப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

தொப்பூர்க் கணவாய் ஏறும்போது பஸ் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டது. தர்மபுரியில் இட்டிலி. கிருஷ்ணகிரியில் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வண்டி மாற வேண்டும். சேலத்திலிருந்து அதுவரை எழுபது மைல். அங்கிருந்து ஓசூர் முப்பத்திரண்டு மைல். மாந்தோப்புகள் பூத்துக் கிடந்தன. ஓசூர் இனிமேல் மைசூரோடு சேருமா, சென்னை ராஜ்யத்தோடே இருக்குமா என்று பஸ்ஸில் இரண்டு பேர் தெலுங்கில் விவாதம் செய்தார்கள். பின் சீட்டிலிருந்து ஒருவர் கன்னடத்தில் பதில் சொன்னார். எங்கே சேர்ந்தாலும் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கண்டக்டர் தமிழில் வழக்கை முடித்துவைத்தார். நால்வருக்கும் மூன்று பாஷையும் புரிந்தது. எனக்குத் தமிழும் கடைத்தெருத் தெலுங்கும் மட்டும்.

சூளகிரி தாண்டியதும் காற்று மாறியது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி. மத்தியானம் மூன்று மணிக்கு இறங்கியபோது சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று சத்திரத்தில் தங்கினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ராயக்கோட்டைச் சாலையில் ஜட்கா பிடித்தேன். சானமாவு ஏழு மைல், ஆளுக்கு ஆறணா. எனக்கு முன்பே ஒருவர் ஏறி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு, காதில் சிவப்புக் கடுக்கன். அவருடைய சாமான்தான் வண்டியையே அடைத்திருந்தது. கோணிச் சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று, குதிரைக்காரரின் தோளை உரசிப் பின்பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. அது என்னவென்று கேட்டேன்.

"ரம்பம்ங்க. மரம் ஒண்ணு அறுக்கணும். வாடகைக்கு எடுத்துக்கினு போறேன்."

பெயர் நஞ்சப்பா என்றார். ராகியும் அவரையும் போடுகிறாராம். இரண்டு வருஷமாகப் பட்டுப்புழுவும் வளர்க்கிறாராம். நான் வந்த காரியத்தைச் சொல்லி, பெரணி வளர்க்கிற லட்சுமம்மா வீடு தெரியுமா என்று கேட்டேன்.

அவர் ரம்பத்தின் சாக்கை இழுத்து மூடினார். "தெரியும்ங்க. எங்க அண்ணிதான்" என்றார். குதிரைக்காரர் ஒருமுறை திரும்பி ரம்பத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

ஊர் என்றால் இருபது முப்பது வீடுகள்; அதற்கப்பால் காடு. ராகி முற்றினால் யானை வந்துவிடும் என்பதால் வயலோரங்களில் பரண் கட்டியிருந்தார்கள். அடுத்தடுத்து இருந்த இரண்டு ஓட்டு வீடுகளில் ஒன்றைக் காட்டிவிட்டு, நஞ்சப்பா ரம்பத்தோடு மற்றதற்குள் போனார். காட்டிய வீட்டு வாசலில் அவர் அண்ணன் ராமப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். சேலத்திலிருந்து இதற்காகவா வந்தேன் என்று இரண்டு தரம் கேட்டார்.

"பூக்காது, காய்க்காது, ஆடுகூடத் திங்காது. இதுக்கு ஊர் ஊரா ஆள் வருதுங்க" என்று சொல்லிச் சிரித்தபடி என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

கொல்லைக்குள் காலை வைத்ததும் எனக்குக் கண் தெரியவில்லை. வெளியே தை மாதத்து வெள்ளை வெயில்; உள்ளே கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தது போல. கண் பழகிய பிறகுதான் மேலே இருப்பது ஒரே ஒரு மரம் என்று தெரிந்தது. பழைய நாட்டு மா. அடிமரம் இரண்டு ஆள் சேர்ந்து கட்டினாலும் கைக்குள் வராது. கிளைகள் குடைபோலக் கொல்லை முழுவதையும் மூடியிருந்தன. அந்த நிழலில், சரிவான மண்ணில், தொட்டிகளிலும் உடைந்த பானைகளிலும் கல் இடுக்குகளிலும் பெரணிகள். பனையோலை விசிறி போல நின்றவை சில, சீப்பு போலத் தொங்கியவை சில. கறுப்பு மயிரிழையில் கோத்த சின்னப் பச்சைச் சில்லுகளாய் மூச்சுக் காற்றுக்கே நடுங்கியவையும் இருந்தன. மாமரத்தின் கவட்டையில்கூடப் பெரிய பறவைக் கூடு மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது.

லட்சுமம்மா ஈரச் சாக்கால் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். முழங்கை வரை மண். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நின்றபடியே பதில் சொன்னார், நிறையவே கேட்டேன். விதை இல்லாத செடி எப்படிப் பெருகுகிறது? ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். அந்தப் பொடியைப் புதுச் செங்கல்லின் மேல் தட்டி, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, மேலே ஒரு கண்ணாடியை மூடிவிட வேண்டும். பல வாரம் ஒன்றும் இருக்காது. பிறகு பாசி மாதிரி ஒரு பச்சை. அதிலிருந்து நகக்கண் அளவு இலைகள். எல்லாச் செங்கல்லும் முளைக்காது என்றார். ஏன் என்று தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். ஏர்க்காட்டுப் பெரணி தனக்கும் செத்துத்தான் போகிறதாம். அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிறகு என் கையை நீட்டச் சொன்னார். ஒரு சிறிய இலையைப் பறித்து, என் மணிக்கட்டின் மேல் வைத்து அழுத்தி எடுத்தார். தோலில் அந்த இலை அப்படியே வெள்ளையாகப் பதிந்திருந்தது. நடு நரம்பு, கிளை நரம்பு, நுனிப் பல் வரை. இலையின் அடியில் சுண்ணாம்புத் தூள் மாதிரி ஒரு பூச்சு, அதுதான் ஒட்டிக்கொள்கிறது. பதினைந்து வருஷமாகப் படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவன் நான். கேமராவும் இருட்டறையும் இல்லாமல் ஒரு படம் கையில் விழுந்ததை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பிறந்தது அஞ்செட்டிக்கு அப்பால் நாட்றாம்பாளையத்தில். ஒருமுறை தாய்வீட்டிலிருந்து திரும்பும்போது ஓடைப் பாறையில் ஒன்றைக் கண்டு, ஆசைப்பட்டு, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தாராம். வேறு கதை ஒன்றுமில்லை. அது பிழைத்தது. அடுத்த முறை இன்னொன்று. பெங்களூர்க்காரர்கள் வரத் தொடங்கியது பிறகுதான்.

பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். பார்வை என்னைத் தாண்டி வேலிப் பக்கம் போயிற்று. அடுத்த வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ரம்பத்தின் சாக்கு அவிழ்ந்து, பற்கள் வெயிலில் மின்னின.

"மரம் அறுக்க நாளைக்கே நாள் வெச்சுட்டாரா" என்றார். என்னிடம் அல்ல.

விஷயத்தை ராமப்பாதான் சொன்னார். அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டபோது, நடுக்கோடு மாமரத்துக்கு இந்தப் பக்கமாக விழுந்தது. அடிமரம் தம்பியின் பங்கில். நிழல் மட்டும் அண்ணனின் கொல்லையில். அப்போது யாரும் அதை நினைக்கவில்லை. இப்போது தம்பி அந்த நிலத்தில் பட்டுப்புழுவுக்காக மல்பெரி போட்டிருக்கிறார். மல்பெரிக்கு வெயில் வேண்டும். மரத்தை எடுக்கப்போகிறேன் என்றார். ஊர்ப் பெரியவர்களும் அவர் மரம், அவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். "அவன் சொல்றதும் நியாயந்தாங்க. இவ அழறதும் நியாயந்தான். நடுவுல நான் யாருக்குன்னு பேசறது?" என்றார் ராமப்பா. இதில் இன்னொன்றும் இருந்தது. நஞ்சப்பாவின் மனைவி ஜெயம்மா, லட்சுமம்மாவின் சொந்தத் தங்கை. ஒரே வீட்டில் பிறந்து அடுத்தடுத்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். தீபாவளியிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

சாயங்காலம் நஞ்சப்பா வந்து என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். புழு வளர்க்கும் கொட்டகையைக் காட்டினார். கூரை தாழ்ந்த, குளிர்ந்த அறை. மூங்கில் தட்டுகளில் வெள்ளைப் புழுக்கள் இலையைத் தின்றுகொண்டிருந்தன. அந்தச் சத்தம் ஓட்டின் மேல் தூறல் விழுவது போல இருந்தது. நான் ஒருமுறை வெளியே எட்டிக்கூடப் பார்த்தேன். ஜெயம்மா கூடையோடு தட்டுக்குத் தட்டு இலை தூவிக்கொண்டிருந்தார். அக்காவின் அதே முகம், கொஞ்சம் இளையது. போன தடவை புழு முற்றும் நேரத்தில் இலை பற்றாமல் போய், ஒரு கொட்டகைப் புழுவையும் குழியில் கொட்டி மூட வேண்டி வந்ததாம். பட்டினியில் புழு தலையைத் தூக்கித் தூக்கித் தேடும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் கை நின்றது.

மல்பெரி வரிசையையும் பார்த்தேன். வெயிலில் இருந்த செடிகள் இடுப்பளவு. மாமர நிழல் பட்ட இடத்தில் இருந்தவை முழங்காலைத் தாண்டவில்லை. இலை வெளிறிக் காகிதம் மாதிரி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் எது உயிரோ, இந்தப் பக்கம் அதுவே பட்டினி. யார் மேலும் கோபப்பட எனக்கு வழி இல்லாமல் போயிற்று.

புறப்படும்போது ஜெயம்மா மெதுவாகக் கேட்டார்: "அக்கா ஏதாச்சும் சொன்னாங்களா?" செடியைப் பற்றித்தான் பேசினார் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி இலை தூவப் போனார். நஞ்சப்பா வாசல் வரை வந்து, காலையில் மரத்தை ஒரு படம் எடுக்க முடியுமா என்று கேட்டார். தன் தகப்பனார் ஊஞ்சல் கட்டித் தந்த மரம், இரண்டு வீட்டாரும் கீழே நின்று ஒரு படம் இருந்தால் தேவலை என்றார். எடுக்கலாம், ஆனால் அந்த வீட்டாரை நீங்கள்தான் கேட்க வேண்டும் என்றேன். அவர் கேட்கவில்லை. கேட்டது நான்தான்.

லட்சுமம்மா முதலில் மாட்டேன் என்றார். வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போடுகிற மாதிரி இருக்கிறது என்றார். அன்று இரவு அவர்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால், கணவரை வைத்துத் தொட்டிகளை மரத்தடிக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். படம் எடுத்தால் செடிகளும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தான் நிற்கமாட்டேன் என்றார். நான் இரண்டு தொட்டிகளைத் தூக்கினேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நஞ்சப்பா வந்து பெரிய பானை ஒன்றைத் தூக்கினார். ஜெயம்மா அவருக்குப் பின்னால் வந்து நின்றார். ரம்பம் இழுக்க வந்திருந்த இரண்டு ஆட்கள் ஓரமாகக் குந்திப் பீடி பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

முக்காலியை நிறுத்தினேன். நான்கு பேரும் வரிசையாக நின்றார்கள். ஒரு கோடியில் அக்காள், மறு கோடியில் தங்கை. நடுவில் ஆண்கள் இருவரும் விறைத்து நின்றார்கள். படம் அப்படி உட்காராது. உயரமானவர்களைப் பின்னால் தள்ளி, குட்டையானவர்களை முன்னால் கொண்டுவந்தேன். அது ஸ்டூடியோப் பழக்கம். வேறு நோக்கம் இருந்ததென்று சொன்னால் பொய். அக்காளும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. ஆனால் நடுவில் இன்னும் ஒரு முழம் இடைவெளி.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்கம்மா" என்றேன். நெருங்கினார்கள்.

அந்த நிழலில் படம் பதிய நான் மெதுவாக மூன்று எண்ண வேண்டும். அதுவரை யாரும் அசையக்கூடாது என்று சொல்லி லென்ஸ் மூடியைத் திறந்தேன். இரண்டு எண்ணியபோது ஜெயம்மாவின் உதடு அசைந்தது. சேலத்தில் கழுவிப் பார்த்தபோதும் அது தெரிந்தது; நான்கு முகங்களில் மூன்று கூர்மை, ஒன்றில் வாய் மட்டும் கலங்கல். தெலுங்கில் அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. இந்தத் தொட்டிகளையெல்லாம் இனி எங்கே வைக்கப்போகிறாய் என்று கேட்டார்.

மூடியைப் போட்டேன். லட்சுமம்மா தங்கை பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"கெணத்துல போடறேன்."

மனம் வெறுத்தால் எல்லோரும் சொல்கிற சொல்தான். நஞ்சப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் ஜெயம்மாவின் முகம் மாறியது. அக்காவின் கையைப் பிடித்தார்.

"வைக்கலாங்க்கா. நெசமா, கெணத்துலயே வைக்கலாம். அங்க தானாவே மொளச்சிருக்குதில்ல?"

ராமப்பாவின் நிலத்தில் படி வைத்த பழைய கிணறு ஒன்று இருந்தது. எல்லோரும் போய்ப் பார்த்தோம். மாடு கட்டிக் கவலை இறைக்கும் பக்கம் போக, மற்றப் பக்கத்தில் அகலமான கற்படிகள் தண்ணீர் வரை இறங்கின. பத்துப் படி இறங்கியதும் மேலே இருந்த உலகம் இல்லை. குளிர்ந்த ஈர வாடை. கல் இடுக்குகளில் யாரும் வைக்காத பெரணிகள், கறுப்புக் காம்பும் பச்சைச் சில்லுமாகத் தண்ணீரைப் பார்த்துத் தொங்கின. இத்தனை வருஷம் இந்தப் படியில் இறங்கித் தண்ணீர் மொண்டவர் லட்சுமம்மா. அவர் அந்தச் சுவரை இப்போதுதான் பார்ப்பவர் போல நின்றார். பிறகு ஒரு படியில் உட்கார்ந்து, கையை நீட்டி, உள்ளே எவ்வளவு தூரம் வெயில் வரும் என்று விரலால் கோடு போட்டார். சித்திரையில் உச்சி வெயில் நேராக இறங்குமே என்றார். இறங்கினால் கீற்றுப் போட்டு மூடலாம் என்றார் ஜெயம்மா. எத்தனை பிழைக்கும் என்று சொல்ல முடியாது என்றார் அக்காள். தங்கை மேலே போய் முதல் தொட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அன்று மத்தியானம் வரை தொட்டி சுமந்தோம். மண்ணில் நட்டிருந்தவற்றை வேர்மண்ணோடு பெயர்த்து ஈரச் சாக்கில் கட்டினோம். ரம்பக்காரர்களும் பீடியைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது அவர்களுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். கவட்டையில் இருந்த கூடு போன்ற பெரணியை இறக்க ஆள் அனுப்பலாம் என்றார் ராமப்பா. நஞ்சப்பா வேண்டாமென்று சொல்லி, இடுப்பில் தாம்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். கத்தியால் சுற்றிலும் பட்டையைக் கீறி, குழந்தையை இறக்குவது போல அதைக் கயிற்றில் கட்டி இறக்கினார். கீழே நின்று இரண்டு கையாலும் வாங்கியவர் லட்சுமம்மா. "நிதானமா எறங்குப்பா" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு கொழுந்தனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதானாம்.

மரம் விழுந்தது மாலை நாலு மணிக்கு மேல். ரம்பத்தின் இழுப்பு நின்றது, ஆட்கள் விலகினார்கள், ஒரு முனகல், பிறகு தரை அதிர்ந்தது. இலைத் தூசியும் மாம்பாலின் காரமான வாடையும் எழுந்தன. தூசி அடங்கியதும் நான் பார்த்தது மரத்தை அல்ல, வெளிச்சத்தை. தலைமுறையாக வெயில் படாத அந்தக் கொல்லை முழுவதும் மஞ்சள் வெயில் பரவிக் கிடந்தது. பாசி பிடித்த கற்கள், தொட்டி இருந்த வட்டத் தடங்கள், ஓடிய பூரான்கள் எல்லாம் வெட்டவெளியில். லட்சுமம்மா வீட்டுக்குள் போய்விட்டார். சிறிது நேரம் கழித்து ஜெயம்மாவும் அந்த வீட்டுக்குள் போனார். நாங்கள் ஆண்கள் வெளியே நின்றோம்.

மறுநாள் காலை அவர்கள் இரண்டு செடிகளை என் தகர டப்பாக்களில் வைத்துக் கொடுத்தார்கள். ஒன்று மயிரிழைக் காம்புள்ளது, இன்னொன்று கையில் வெள்ளைப் படம் பதிப்பது. தொட்டியாகக் கேட்கும் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு ரூபாய்க்கு விற்பார்களாம்; அதே விலையைக் கொடுத்தேன். பெங்களூர் வேலையை முடித்துக்கொண்டு சேலம் திரும்பினேன். வெள்ளைப் படம் பதிப்பது வைகாசிக்கு முன்பே போய்விட்டது. மற்றது பிழைத்தது, ஆனால் ஸ்டூடியோவில் அல்ல, என் வீட்டுக் குளியலறை ஜன்னலில். மாப்பிள்ளையும் பெண்ணும் வரும் நாளில் மட்டும் அதைத் தூக்கி வருவேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் மறுபடி பெங்களூர் போக வேண்டியிருந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்ட படத்தோடு சானமாவில் இறங்கினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாசலில் இந்தத் தடவை ராமப்பாவும் நஞ்சப்பாவும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். படத்தை வாங்கி மரத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். பிறகு நஞ்சப்பா ஜெயம்மாவின் கலங்கிய வாயைச் சுட்டிக்காட்டி, "இவ வாயி படத்துலகூட நிக்கலீங்க" என்றார்.

சித்திரையில் கிணற்றுப் படிகளில் உச்சி வெயில் இறங்கித்தான் இருக்கிறது. கீற்றுப் போட்டும் கால்வாசிச் செடிகள் கருகிவிட்டன. கவட்டையில் இருந்த பெரிய கூடு ஆனியிலேயே அழுகிப்போயிற்றாம். பெங்களூர்க்காரர்கள் சில மாதம் வருவதை நிறுத்திவிட்டு இப்போது மறுபடி வருகிறார்கள். மல்பெரி என் தோள் உயரம். புழுக் கொட்டகையில் தூறல் சத்தம் பலமாகக் கேட்டது.

கொல்லைக்குப் போனேன். வெயிலாக இருக்கும் என்று நினைத்துப் போனவன், மறுபடி கண் தெரியாமல் நின்றேன். மாமரம் இருந்த அகலத்துக்கு ஒரு பந்தல். மூங்கில் கால்களும் குறுக்குக் கொம்புகளும் போட்டு, அதன் மேல் சீமைக் கத்தரிக்காய்க் கொடி படர்ந்து மூடியிருந்தது. சேலத்தில் நாம் சௌசௌ என்று வாங்குகிற அதே காய். கொடியை வைத்தவர் ஜெயம்மா. வைகாசிக் கடைசியில் முளைவிட்ட காய்களை வேலியோரம் புதைத்தாராம். அதன் இலை அகலம், வேகமாகப் படரும், ஐந்தே மாதத்தில் நிழலாகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கீழே பழைய இடத்துக்கே திரும்பி வந்த பெரணித் தொட்டிகள். அவற்றுக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில், பச்சைப் பச்சையாகக் காய்கள் தொங்கின. பூக்காத காய்க்காத செடிகளுக்கு மேல் இப்படி ஒரு காய்ப்பு. வீட்டில் மூன்று வேளையும் அந்தக் காய்தான், மாட்டுக்கும் அதுதான் என்று ராமப்பா பின்னால் வந்து முறையிட்டார்.

மாமரத்தின் நிழல் இன்னும் ஆழம், இன்னும் குளிர். இந்தப் பந்தலின் கீழ் பெரணிகளின் பச்சை ஒரு படி வெளிறித்தான் இருந்தது. படம் எடுக்கிறவன் கண்ணுக்கு அது தெரியும். மரத்தை நினைத்து வருத்தம் இருக்கிறதா என்று லட்சுமம்மாவைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம், ஆனால் கேட்டுவிட்டேன். அவர் செங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே யோசித்தார்.

"இல்லாம இருக்குமாங்க? ஆனா மரம் இருந்தப்ப நான் அண்ணாந்து பாத்ததே இல்ல. நெழலு அது பாட்டுக்கு இருந்துச்சு. இப்ப தெனமும் பாக்கறேன். எங்க கொடி வாடுது, எங்க ஓட்டை விழுந்துதுன்னு."

சேலத்தில் நாங்கள் நிழலை ஒதுங்கி நிற்கிற இடமாகத்தான் அறிவோம். சுவர் இருந்தால் நிழல் இருக்கும். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இங்கே அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், எருப் போடுகிறார்கள், காய்ந்த இலையைக் கிள்ளி எறிகிறார்கள். அது உயிரோடு இருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் வந்து பார்க்கிறார்கள்.

பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்க நேரமாகிக்கொண்டிருந்தது. விடைபெறத் திரும்பியபோது பந்தலின் மேலே சலசலவென்று சத்தம். வேலிக்கு அந்தப் பக்கம் ஏணி மேல் நின்றுகொண்டு ஜெயம்மா கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம் தெரியவில்லை. இலைகளுக்கு நடுவே கைகள் மட்டும் தெரிந்தன. கீழே, மயிரிழைப் பெரணி வைத்திருந்த தொட்டியின் மேல் ஒரு தட்டு அளவு வெயில் விழுந்திருந்தது.

"அக்கா, அங்க வெயிலு விழுதா?"

"விழுது. இன்னும் இந்தப் பக்கம் இழு."

கொடி அசைந்தது. தட்டளவு வெயில் கையளவாயிற்று, காசளவாயிற்று, பிறகு இல்லை. லட்சுமம்மா இன்னும் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "போதும், எறங்கு" என்றார்.